வலச்சுற்று சனிக்கிழமை

டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த நடனக் கூடத்தில் அவருக்கு இரண்டு பெயர்கள். முகத்துக்கு நேரே 'செயலாளர் சார்'. தலை மறைந்ததும் 'விசில்காரர்'. வாரம் முழுக்க அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். ஓட்டப் பழகுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாகப் பொருத்திய பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே வயிற்றைக் கழுவுகிற தொழில். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் அந்தக் கால் பாலிஷ் போட்ட ஷூவுக்குள் நுழைந்து மாடிப்படி ஏறும். ஏறினாலும் பழக்கம் போகுமா? ஆடும்போதும் யாரையாவது நிறுத்தாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அதற்காகத்தான் கழுத்தில் விசில்.

ஜோடி ஜோடியாகக் கைகோத்து ஆடிக்கொண்டே கூடத்தைச் சுற்றி வருகிற நடனம் அது. சுற்றுவது எப்போதும் ஒரே பக்கம், கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம். இடச்சுற்று என்பார்கள். இதை மீறி ஒருவர் ஓரடி எதிர்ப்பக்கம் வைத்தாலும் விசில் வீறிடும். புதிதாகச் சேர்ந்த யாராவது, "ஏன் சார் இந்தப் பக்கமே போறோம்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால் போச்சு, அன்றைக்கு அவர் ஆடின மாதிரிதான்.

"நல்ல கேள்வி" என்று விசில்காரர் ஆரம்பிப்பார். ஆணின் வலது கை பெண்ணைச் சுற்றிப் பிடித்திருக்கிறது. அதனால் அவன் பார்வைக்கு வலப்பக்கம் அடைபட்டு, இடப்பக்கம் திறந்திருக்கிறது. வளைவு இடப்பக்கம் வந்தால் வழி தெரியும், வலப்பக்கம் வந்தால் குருட்டுத் திருப்பம். இது முதல் காரணம். அந்தக் காலத்தில் இடுப்பில் இடப்பக்கம் வாள் தொங்கியது, அது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் முட்டியில் இடிக்கக் கூடாது, அதனால் வாள் நடுப்பக்கம் இருக்கும்படி சுற்றினார்கள். இது இரண்டாவது. இதயம் இடப்பக்கம், ஓட்டப் பந்தய மைதானம் இடப்பக்கம், குதிரை இடப்பக்கம். கேட்டவருக்குக் காபி ஆறிவிடும். அவர் எதை எங்கே படித்தார், எதைச் சொந்தமாகச் சேர்த்தார் என்பது அவருக்கே மறந்துவிட்டது. இதில் வேடிக்கை, இதே மனிதர் வாரநாள் முழுக்க ரவுண்டானாவில் மாணவர்களைக் கடிகார முள்ளின் பக்கமாகவே சுற்ற விட்டார். அதற்கும் அவரிடம் காரணங்கள் இருந்தன. அவையும் அவ்வளவு பலமானவைதான்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, ஒரு பொத்தானை அழுத்தி, ஆளின் உள்ளே இருப்பதை வெளியே எடுத்துப் போடுகிற வேலை. அதனாலோ என்னவோ அதிகம் பேச மாட்டாள். கணவருடைய விளக்கங்களை இத்தனை வருஷமாக ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுக் குடித்தனம் நடத்தினாள். அவர்கள் இருவரும் ஆடினால் மட்டும் மற்ற ஜோடிகள் ஓரமாக ஒதுங்கி நின்று பார்ப்பார்கள். அவ்வளவு அழகாக ஆடுவார்கள். அவள் ஆடுவாள், அவர் சரியாக ஆடுவார் என்று சொன்னால் இன்னும் பொருத்தம்.

எல்லாம் கெட்டுப்போனது ஒரு செருப்பால்.

ஒரு சனிக்கிழமை இருவரும் ஆடிக்கொண்டிருக்கும்போது அவள் செருப்பின் வார் பட்டென்று அறுந்தது. செருப்பு கழன்று பின்னாலேயே தங்கிவிட்டது. ரொம்ப தூரம் இல்லை, கையெட்டும் தூரம். அவள் கணவரின் கையை விட்டுவிட்டு, வந்த வழியே அதை எடுக்கப் போனாள். விசில் வீறிட்டது. அடித்தவர் வேறு யாருமில்லை. அதுவரை அவள் இடுப்பைப் பிடித்திருந்த மனிதர், அந்தக் கையை எடுத்து, விசிலை வாயில் வைத்து, அவள் காதுக்குப் பக்கத்திலேயே ஊதினார்.

"எதிர்ப்பக்கம் போகக் கூடாது" என்றார். "சுத்தி வந்து எடு."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் யாரும் ஆடவில்லை. அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஒற்றைச் செருப்போடு, ஒரு கால் உயர்ந்தும் ஒரு கால் தாழ்ந்துமாக, அந்தப் பெரிய கூடத்தை முழுசாகச் சுற்றி வந்தாள். ஜன்னல் ஓரம், கண்ணாடிச் சுவர் ஓரம், காபி மேஜை ஓரம், எல்லா ஓரமும். ஊரே பார்த்தது. செருப்பு கிடந்த இடத்துக்கு வந்து அதை எடுத்தாள். போட்டுக்கொள்ளவில்லை. மற்றதையும் கழற்றி, இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு வாசல் வழியாக இறங்கிப் போய்விட்டாள். விசில்காரருக்கு அந்த நேரத்தில் மனதில் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: பரவாயில்லை, சரியான பக்கமாகத்தான் போனாள்.

வீட்டுக்குப் போனபோது அவளுடைய அலமாரி பாதி காலியாக இருந்தது. அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அக்காதான் போனில் சொன்னாள்: "தம்பி, கோவிச்சுக்காதீங்க. அவ சொல்றதை அப்படியே சொல்றேன். நீங்க வாயைத் தொறந்தா விளக்கம்தான் வருமாம். அவளுக்கு இனிமே விளக்கம் வேண்டாமாம்."

"அதுக்கு ஒரு காரணம் இருக்குக்கா. அன்னைக்கு என்ன ஆச்சுன்னா..." என்று அவர் ஆரம்பித்தார். அக்கா போனை வைத்துவிட்டாள்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார். எக்ஸ்ரே அறைக் கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது, 'விளக்கு எரியும்போது உள்ளே வராதீர்' என்ற பலகையோடு. சிவப்பு விளக்கைக் கண்டால் நிற்கச் சொல்லிக்கொடுப்பதே தொழிலாக உள்ளவர் என்ன செய்வார்? நின்றார். ஒரு நோயாளி போவார், அடுத்தவர் வருவார், விளக்கு அணைவதற்குள் மறுபடி எரியும். கடைசியில் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். அக்கா வீட்டுக்குப் போனபோது பேக்கரி வைத்திருக்கும் சகலை வாசலிலேயே நின்று, "தூங்கறா சகல" என்றார். பட்டப்பகல். உள்ளே அவள் யாருடனோ பேசிச் சிரிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. சகலை தலையைச் சொறிந்துகொண்டு, சூடாக ஒரு பாக்கெட் ரொட்டியைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

சில வாரம் கழித்து அவள் கூடத்துக்குத் திரும்ப வந்தாள். அவருக்காக இல்லை. அதை அவள் படியேறும்போதே உரக்கச் சொல்லிவிட்டாள்: "ஆட்டம் என்னுது. யாருக்காகவும் விட முடியாது." ஜோடிக்குச் சகலையைக் கூட்டி வந்திருந்தாள். அக்கா ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தாள். இடைவேளையில் விசில்காரர் ஒரு தரம் துணிந்து பக்கத்தில் போனார். "அன்னைக்கு நடந்ததுல ஒரு விஷயத்தை நீ கவனிக்கணும்" என்று தொடங்கினார். அவள் எழுந்து கைகழுவப் போனாள். இடைவேளை முடியும்வரை கைகழுவினாள்.

அதிலிருந்து சனிக்கிழமைகள் அவருக்கு நரகமாகிவிட்டன. நடனத்தில் ஆண் முன்பக்கம் பார்த்து நடப்பான், பெண் பின்பக்கமாக அடி வைத்துப் போவாள். ஆகவே பின்னால் வருகிறவர்களுக்கு முன்னே போகும் ஜோடியில் தெரிவது ஆணின் முதுகுதான். விசில்காரர் ஒவ்வொரு பாட்டுக்கும் தந்திரமாக மனைவிக்குச் சற்றுப் பின்னால் இடம் பிடிப்பார். பிடித்து என்ன பலன்? மாவு மூட்டை தூக்கியே அகன்றுபோன சகலையின் முதுகு. அதன் மேல் அவளுடைய கை. கையில் அவர் வாங்கிக் கொடுத்த மோதிரம். திரும்பும்போது ஒரு காது, கொஞ்சம் கன்னம், அவ்வளவுதான். ஆடும் பெண் தலையை இடப்பக்கம் சாய்த்து வேறெங்கோ பார்க்க வேண்டும் என்பதும் ஒரு விதி. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இவரேதான். வாழ்க்கையில் யாருடைய முதுகையும் அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. ராத்திரி கண்ணை மூடினால் சகலையின் சட்டைத் தையல் தெரிந்தது.

அவருக்கு அவள் வேண்டும். இதை வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அடுக்குகிற மனிதராக ஆகிவிட்டார். கார் வகுப்பில் மாணவர் ஒருவர் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனபோது பிரேக்கை அழுத்த மறந்தார். அவள் முகத்தை ஒரு தரம் நேராகப் பார்த்தால் போதும், எப்படியாவது பேசிவிடலாம் என்று தோன்றியது. பார்ப்பதற்குத்தான் வழி இல்லை. எல்லோரும் ஒரே பக்கம் போகிற கூடத்தில் யார் யாரை எதிர்கொள்ள முடியும்?

அந்தக் கேள்வியிலிருந்துதான் அவருக்கு யோசனை உதித்தது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார். கமிட்டித் தலைவர் ஒரு பல் டாக்டர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் பேச முடியாதவர்களோடே பழகியதால், யாராவது பதில் பேசினால் அவருக்கு ஆகாது. விசில்காரர் தொண்டையைச் செருமினார். கூடம் பெரியது, நடுவில் இடம் வீணாகிறது, சாலையில் இருப்பதுபோல இருவழி ஆக்கலாம், வெளிவட்டம் வழக்கப்படி போகட்டும், உள்வட்டம் எதிர்ப்பக்கம் போகட்டும் என்றார்.

எதிர்ப்பக்கம் போகலாம் என்று விசில்காரரே சொல்வதா?

"முட்டிக்குவாங்க" என்றார் பல் டாக்டர். "ஒரே கூடத்துல ரெண்டு பக்கமா? மண்டை ஒடையும். செஞ்சா எல்லாரும் ஒரே பக்கம்தான். வேணும்னா எல்லாரையும் மாத்திச் சுத்தச் சொல்லுங்க. முடியுமா உங்களால?"

'முடியுமா உங்களால' என்று கேட்டதுதான் வினையாகப் போயிற்று. வாதம் என்று வந்துவிட்டால் விசில்காரருக்குக் கண் மண் தெரியாது. "ஏன் முடியாது?" என்று ஆரம்பித்தார். இத்தனை வருஷமாக ஒரே பக்கம் சுற்றியதில் எல்லோருக்கும் ஒரு கால் முட்டி மட்டும் தேய்ந்திருக்கிறது என்றார். தரையும் ஒரு பக்கமாகவே தேய்கிறது என்றார். மனித மூளை புதுத் திசையில் சுற்றினால் புத்துணர்ச்சி பெறும் என்றார். வாள் கதைக்கு இன்றைக்கு என்ன பொருள், இங்கே யார் இடுப்பில் வாள் இருக்கிறது என்று கேட்டு, உட்கார்ந்திருந்தவர்களின் இடுப்பையெல்லாம் ஒரு பார்வை பார்த்தார். தன் வாழ்நாள் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தானே அடித்து நொறுக்கினார். அடிக்க அடிக்க உற்சாகம் கூடியது. முடிவில் ஒரு சனிக்கிழமை முழுக்க எல்லோரும் வலச்சுற்று ஆடுவது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கை தட்டினார்கள். பல் டாக்டர்கூடத் தட்டினார், பல்லைக் கடித்துக்கொண்டு.

விசில்காரர் அன்றைக்கு வெற்றி மிதப்பில் வீட்டுக்குப் போனார். என்ன கேட்கப் போனோம், என்ன வாங்கி வந்தோம் என்று யோசிக்கவே இல்லை.

அந்த சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. விசில்காரர் எதிர்ப்பக்கம் ஆடப்போவதைப் பார்க்கவே பாதிப் பேர் வந்திருந்தார்கள். "செயலாளர்தான் முதல்ல ஆடிக் காட்டணும்" என்று சொல்லிப் பல் டாக்டர் கையை நீட்டி விசிலை வாங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். வாங்கியதிலிருந்து அதை இரண்டு விரலால் தடவிக்கொண்டே இருந்தார். விசில்காரருக்கு ஜோடி நூலகத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள். மனைவி போனதிலிருந்து அவர்தான் ஜோடி. அளந்து பேசுகிறவர்.

பாட்டு ஆரம்பித்தது. எல்லோரும் வலப்பக்கம் கிளம்பினார்கள். கிளம்பியதும் ஆளாளுக்குக் கால் பின்னிக்கொண்டது. ஆண்களுக்குத் தங்கள் ஜோடியின் தலை மறைத்து வளைவே தெரியவில்லை. ஒருவர் ஜன்னல் திரைக்குள் போய்விட்டு வந்தார். 'குருட்டுத் திருப்பம்' என்று தான் சொல்லி வந்தது உண்மைதான்போல என்று விசில்காரருக்கு முதல் தடவையாகத் தோன்றியது. ஆனால் அவர் கவனம் அங்கே இல்லை. கழுத்தை நீட்டி எதிரே பார்த்தார். மனைவி வருவாள் என்று பார்த்தார். எதிரே மளிகைக் கடைக்காரரின் முதுகு போய்க்கொண்டிருந்தது.

"யாரைத் தேடறீங்க?" என்றார் நூலக அம்மாள்.

"இல்ல, இப்ப எதிர்ப்பக்கம் போறோமே. எதிர்ல வரணுமே..."

"யாரு எதிர்ல வரணும்? எல்லாரும்தானே திரும்பியிருக்கோம். எல்லாரும் திரும்பினா யாரும் யாருக்கும் எதிர்ல வர மாட்டாங்க சார். முன்னால இருந்தவங்க பின்னால போயிருப்பாங்க, அவ்வளவுதான்."

விசில்காரரின் அடி தடுமாறியது. மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார். அந்த அம்மாள் சொன்னது சரி. அவருக்குப் பின்னால், இரண்டு ஜோடி தள்ளி, சகலையின் முகம் வியர்த்து வழிந்துகொண்டு வந்தது. இவரைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. அதற்கு முன்னால் மனைவியின் முதுகும் கொண்டையும். முன்பாவது கொஞ்சம் காது தெரிந்தது. இப்போது தலையை முறுக்கிப் பார்த்தால்தான் அந்த முதுகும் தெரியும். ஊரையே திருப்பி, சட்டத்தையே புரட்டி, அவர் சம்பாதித்தது இதுதான்.

"எதுக்கு எல்லாரும் ஒரே பக்கம் சுத்தறோம்னு நான் தேடிப் பாத்தேன்" என்றார் நூலக அம்மாள், ஆடிக்கொண்டே. "ஆளுக்கு ஒண்ணு எழுதியிருக்காங்க. எதுவும் உறுதியில்ல. ஒரே பக்கம் போனா முட்டிக்க மாட்டாங்க, அது மட்டும் நிச்சயம்."

"பாத்துக்கவும் மாட்டாங்க" என்றார் விசில்காரர்.

அந்த அம்மாள் அவரை ஏறிட்டுப் பார்த்தார். பின்னால் வரும் கொண்டையையும் பார்த்தார். "நான் போய் உக்காந்துக்கறேன்" என்றார். "படிக்கப் புத்தகம் கொண்டாந்திருக்கேன்."

விசில்காரர் தனியாக நின்றார். ஆடும் தரையில், சுற்றின் நட்டநடுப் பாதையில், வருகிறவர்களைப் பார்த்துத் திரும்பி நின்றார். அந்தக் கூடத்தில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. அந்த விதியை எழுதிச் சுவரில் மாட்டியவரே அவர்தான்.

விசில் வீறிட்டது. பல் டாக்டர் கன்னம் உப்ப ஊதினார். அவர் எத்தனை வருஷமாக இதற்காகக் காத்திருந்தாரோ தெரியாது.

முதல் ஜோடி அவரைத் தோளில் இடித்து விலகியது. அடுத்த ஜோடி திட்டிக்கொண்டே போனது. பிறகு மனைவி வந்தாள், பின்பக்கமாக அடி வைத்து, முதுகைக் காட்டிக்கொண்டு. பக்கத்தில் வந்தாள், தாண்டினாள். தாண்டிய பிறகு, சகலையின் தோளுக்கு மேல், அவள் முகம் தெரிந்தது. பெண் பின்பக்கமாகப் போகிறவள் அல்லவா? நிற்கிற ஆளுக்கு வரும்போது முதுகு, விலகிப் போகும்போதுதான் முகம். அவள் கண் அவரை நேராகப் பார்த்தது. கொஞ்சம் இளைத்திருந்தாள். சொல்ல வேண்டியதை அவசரமாகத் தொடங்கினார்.

"அன்னைக்கு நான் விசில் அடிச்சது விதிப்படி பாத்தா சரிதான், இருந்தாலும் சந்தர்ப்பத்தை வச்சுப் பாக்கும்போது..."

அவள் கண்ணாடிச் சுவர் ஓரமாகத் திரும்பிவிட்டாள். 'சந்தர்ப்பம்' வரைக்கும்கூடக் கேட்டிருக்காது.

இரண்டாவது சுற்றுக்குள் அவர் தன் பேச்சைச் சுருக்கி வைத்துக்கொண்டார். காத்திருக்கும்போது விசில் நிற்கவே இல்லை. ஒவ்வொரு ஊதலுக்கும் எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. நாற்காலியில் இருந்தவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவருக்குக் காது மடல் சுட்டது. அந்தச் சத்தத்தை அவர் எத்தனையோ பேர் மேல் அடித்திருக்கிறார், ஆனால் அதை வாங்குகிற பக்கத்தில் ஒரு நாளும் நின்றதில்லை. தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

அவள் வந்தாள், தாண்டினாள், முகம் தெரிந்தது.

"மன்னிச்சுக்கோ, ஏன்னா பின்னாடி வந்த ஜோடி உன்மேல விழுந்துடும்னு பயந்துதான்..."

'ஏன்னா' என்ற இடத்திலேயே அவள் முகம் மூடிக்கொண்டது. சகலைதான் பாவம், "சகல, ஓரமா நில்லுங்க, அடிபடும்!" என்று கத்திக்கொண்டே போனார்.

அடுத்த சுற்றில் பேசவே முடியவில்லை. சரியாக அவள் வரும் நேரத்தில் மளிகைக் கடைக்காரர் தம்பதி வந்து மோதி, மூவருமாகக் கட்டிப் புரண்டு, எழுந்து பார்த்தால் அவள் காபி மேஜைப் பக்கம் போயிருந்தாள். பல் டாக்டர் மைக்கைப் பிடித்தார். "செயலாளர் தயவுசெஞ்சு நகரணும். செயலாளரே இப்படி நின்னா மத்தவங்களுக்கு என்ன சொல்றது?" சிரிப்பலை எழுந்தது. விசில்காரருக்கு அப்போதுதான் அந்தப் படம் கண்ணில் வந்தது: ஒரு கால் உயர்ந்து ஒரு கால் தாழ்ந்து, இதே ஓரங்கள் வழியாக, இதே சிரிக்கிற கண்களுக்கு நடுவே, அவள் நடந்தது. அன்றைக்கு அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார், பக்கம் சரியா என்று. பின்னால் வந்த ஜோடி அவள் மேல் விழுந்துவிடும் என்று பயந்ததெல்லாம் பொய். அவர் எதற்கும் பயப்படவில்லை. ஊதினால் அவள் நிற்பாள் என்று ஊதினார், அவ்வளவுதான். அந்த எண்ணம் வந்ததும் அவருக்கு அழுகை முட்டியது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், ரெண்டு சொட்டு வழிந்தும் விட்டது.

அவள் மறுபடி வந்தாள். தாண்டினாள். முகம் தெரிந்தது.

"என் தப்பு" என்றார்.

அவ்வளவுதான். இன்னும் இரண்டு வார்த்தைக்கு நேரம் இருந்தது. அவள் அதற்குக் காத்திருப்பதும் தெரிந்தது, புருவம் லேசாக ஏறியிருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு நின்றார். அவள் பார்த்துக்கொண்டே விலகிப் போனாள், ஜன்னல் ஓரம் வளையும்வரை. விதிப்படி இடப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டிய தலை சாயவில்லை.

அதற்கடுத்த சுற்றில் சொல்ல அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. போய்விடலாம் என்றுகூட நினைத்தார். ஆனால் கால் நகரவில்லை. அவள் முதுகு வந்தது, அவருக்கு நேரே வந்தது, நின்றது.

அவள் நின்றதும் சகலை தடுமாறி அவள் காலை மிதித்தார். சகலையின் மேல் அடுத்த ஜோடி, அதன் மேல் அதற்கடுத்தது. கூடம் முழுக்கச் சுற்று கட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பல் டாக்டர் மூச்சு முட்ட முட்ட ஊதினார்.

அவள் திரும்பினாள். இத்தனை மாதத்துக்கு அப்புறம் நேருக்கு நேர்.

"விசில் கேக்குதா?" என்றாள்.

"கேக்குது."

"எப்படி இருக்கு?"

"கேவலமா இருக்கு" என்றார்.

அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள், வெளிச்சத்துக்கு எதிரே எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாளே, அந்த மாதிரி. பின்னால் இருந்து யாரோ, "ஏதாவது ஒரு பக்கம் போங்கப்பா!" என்று கத்தினார்கள். அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

"மாமா" என்றாள் சகலையிடம், தலையைத் திருப்பாமலே. "அக்கா எவ்வளவு நேரமா தனியா உக்காந்திருக்கா. போய் அவளைக் கூப்பிட்டு ஆடுங்க."

சகலை விட்டால் போதும் என்று நழுவினார்.

"நான் வீட்டுக்கு வர்றேன்னு சொல்லல" என்றாள் அவள். "அதையும் கேட்டுக்குங்க."

"சரி" என்றார் அவர்.

அவள் மீதிக்காகக் காத்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எந்தச் 'சரி'யும் ஒற்றையாக நின்றதில்லை. பின்னாலேயே ஒரு 'ஆனா' வரும், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு 'ஏன்னா' வரும். அவருக்கு வார்த்தைகள் நாக்கு நுனி வரைக்கும் வந்து முட்டி மோதின. ஒன்றையும் வெளியே விடவில்லை.

அவள் தன் வலது கையை அவர் கையில் வைத்தாள்.